இப்போதைக்கு ஒரு பட்டியல்

எங்கே சாருக்கு அந்தப் பெயரை வைத்தது அலுவலகம். வைத்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. யார் எழுதிய நிரலைப் பார்வைக்கு அனுப்பினாலும் அதன் கீழே ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புவார்: "திருப்பித் தந்தது எங்கே?" பதினெட்டு வருடமாக அதே கேள்வி. விடுப்பு விண்ணப்பத்தைத் தவறுதலாக அவருக்கு அனுப்பிய ஒருத்திக்கும் அதுவே பதிலாகப் போனதாகச் சொல்வார்கள். பொய்யாக இருக்கலாம். ஆனால் நம்பாதவர் யாரும் இல்லை.

அவருடைய கொள்கையைப் புரிந்துகொள்ளக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிரல் ஓடுவதற்கு நினைவகத்தில் இடம் வேண்டும். கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பித் தரவேண்டும். தராமல் வாங்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கணினி கையை விரித்துவிடும். எழுதுகிறவனே தன் கையால், இன்ன வரியில் இதைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதவேண்டும் என்பது எங்கே சாரின் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு. அவர்களுடைய மொழிகளில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. போட்டது போட்டபடி போய்க்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே ஒரு துப்புரவு ஆள் வந்து, யாருக்கும் தேவைப்படாதவற்றை எல்லாம் வாரிக்கொண்டு போவான். அந்த ஆளும் ஒரு நிரல்தான், சங்கம் வைக்கமாட்டான்.

"ஆள் வச்சுப் பெருக்குற வீட்டுப் பிள்ளைங்க," என்பார் எங்கே சார். "சாப்பிட்ட தட்டைத் தள்ளி விட்டுட்டு எழுந்திருக்கிற பழக்கம். வேற என்ன சொல்ல?"

வேறு நிறையச் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார்.

வீட்டிலும் இப்படித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குள் டம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். கத்தரிக்கோலை எடுத்தால், காகிதத்தில் வைப்பதற்கு முன்பே அதைத் திரும்ப மாட்டவேண்டிய ஆணியை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னப் பெட்டிகளை அதனதன் தட்டில் வைத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தபின் எதையும் அதனதன் இடத்தில் வைக்கப் பிடிக்காது. கூடத்து மூலையில் ஒரு நாற்காலி. துணி, பை, குடை, வந்த தபால் எல்லாம் அதில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே மூச்சில் வாரிப் பிரித்து முடித்துவிடுவாள்.

"இந்த நாற்காலியில ஒரு மனுஷன் உட்கார முடியுதா?"

"ஞாயித்துக்கிழமை உட்காருங்க."

"அதுவரைக்கும்?"

"மத்த அஞ்சு நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?"

கல்லூரியில் படிக்கும் மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொல்வாள். "அம்மா ஆட்டோமேட்டிக்ப்பா. நீங்க கியர் வண்டி."

"வண்டி மேடு ஏறும்போது தெரியும், எது வண்டின்னு."

"உங்கப்பா மேசை பளிச்சுன்னு இருக்கு, இல்லைங்கல," என்பாள் மனைவி. "மேசையில இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு என்கிட்ட கேளு. என் பீரோவோட மேல் கதவைத் திறந்தா தலையில விழும்."

இந்த இடத்தில் எங்கே சாருக்கு எப்போதும் வேறு அறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அலுவலகம் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கீழே ஒரு சலவையகம், மேலே யாரும் இல்லை. மருத்துவமனைகளிலும் பல் வைத்தியர்களிடமும் அடுத்த எண் யாருடையது என்று காட்டும் மென்பொருளை அங்கே செய்தார்கள். அது மூன்று இடங்களில் ஓடவேண்டும்: வரவேற்பு மேசைக் கணினியில், நோயாளியின் கைபேசியில், காத்திருக்கும் அறைச் சுவரில் மாட்டிய பலகையில். மூன்றுக்கும் அடியில் ஓடுவது எங்கே சார் எழுதிய அடித்தளம். நாற்பதாயிரம் வரி. கையால் வாங்கிக் கையால் திருப்பியது. அதன்மேல் பொத்தான்களும் வண்ணங்களும் கொண்ட மேல்தளம். கணினிக்கான மேல்தளத்தையும் அந்தக் காலத்தில் அவரே எழுதிவிட்டார். கைபேசிக்கும் பலகைக்கும் உள்ளதை எழுதியது நான்கு வருடம் முன்பு சேர்ந்த ஒருத்தி, துப்புரவு ஆள் வைத்த மொழியில். அவளுக்கு மேல்மாடி என்று பெயர் வைத்தது எங்கே சார்தான்.

"என்னம்மா, மேல்மாடி காலியா?" என்று அவள் வரும்போதெல்லாம் கேட்பார்.

"காலி இல்ல சார். வாடகைக்கு விட்டிருக்கு. உங்களுக்கு முன்பணம் கட்டுப்படியாகாது."

வம்பு ஒரு பல் வைத்தியரிடம் ஆரம்பித்தது. புதிதாக மாட்டிய பலகை மூன்றாம் நாள் காலை நாற்பத்தேழில் நின்றுவிட்டது. நாற்பத்தேழாம் எண்காரர் பல்லைப் பறிகொடுத்து வீட்டுக்குப் போய்ப் படுத்தேவிட்டார்; பலகை அவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டாம் எண்காரர் நியாயஸ்தர். தன் எண் வராமல் எழுந்திருப்பதில்லை என்று வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வைத்தியர், இன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் பல் நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார். பலகையை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அடுத்த மூன்றாம் நாள் மறுபடி நின்றது. பிறகு ஒரு கண் மருத்துவமனை, ஒரு குழந்தை மருத்துவர். எல்லா இடத்திலும் மூன்றாம் நாள். எல்லா இடத்திலும் பலகை மட்டும். கணினிக்கும் கைபேசிக்கும் ஒரு குறையும் இல்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் சோதனையாளர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். மலை ஏறும் சாலை போல ஒரு கோடு.

"பலகையில மெமரி ஏறிக்கிட்டே போகுது. மூணு நாள்ல நிரம்பிடுது. ஒரு தடவைகூட இறங்கல."

"அப்போ துப்புரவு ஆள் தூங்கிட்டான்," என்றார் எங்கே சார், மேல்மாடியைப் பார்த்து.

"தூங்கல சார். நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டி எழுப்பிப் பார்த்துட்டேன். பெருக்கறதுக்கு என் பக்கம் ஒண்ணும் இல்ல."

"பெருக்கத் தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"உங்க பக்கமும் ஒரு தடவை பார்க்கலாமே?"

அவர் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அடித்தளம் ஓடி முடிந்து மூடும்போதெல்லாம், திருப்பித் தராதது எவ்வளவு என்று ஒரு கருவி கணக்கிட்டுச் சொல்லும். திரையில் 'கசிவு: 0' என்று இருந்தது.

"பூஜ்யம்மா. பதினெட்டு வருஷமா பூஜ்யம். இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்."

மாட்டியிருந்தார். அவருடைய மேசைக்கு மேலே, கண்ணாடி போட்டு.

மேலாளர் எங்கே சாரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். எதையும் மூன்று வாக்கியத்துக்குமேல் கேட்கமாட்டார். "யார் தப்புன்னு எனக்கு வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பலகை நிக்காம ஓடணும். ஓடலைன்னா அடித்தளத்தையே எடுத்துட்டு எல்லாத்தையும் மேல்தள மொழியில புதுசா எழுதிடலாம். ஒரே மொழி, ஒரே தலைவலி. மேல்மாடி பொறுப்பு எடுத்துக்கட்டும்."

"அப்போ நான்?"

"உங்க அனுபவத்துக்குத் தகுந்த மாதிரி பார்ப்போம் சார். கையேடு எழுதலாம்."

அந்த அலுவலகத்தில் கையேடு எழுதுவதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக எழுதியவருக்குத் தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருடம் எழுதினார். அவர் வேலையை விட்டுப் போய் மூன்று வாரம் கழித்துத்தான், குடுவை தீர்ந்தால் சொல்வதற்கு ஆள் இல்லையே என்று கவனித்தார்கள்.

செவ்வாயும் புதனும் எங்கே சார் மேல்மாடியின் நிரலை வரி வரியாகப் படித்தார். இருபத்தொரு கேள்வி அனுப்பினார். இருபத்தொன்றுக்கும் பதில் வந்தது. இரண்டு நாளில் அவர் பிடித்த ஒரே குற்றம், ஒரு பொத்தானின் பச்சை மற்றப் பொத்தான்களின் பச்சையைவிடச் சற்று வெளிறியிருந்தது என்பது. அதையும் எழுதி அனுப்பினார். நன்றி என்று பதில் வந்தது. அந்த நன்றியில் ஏதாவது இருக்கிறதா என்று நான்கு முறை படித்துப் பார்த்தார்.

புதன் மாலை சாப்பாட்டு மேசையில் மனைவி கேட்டாள். "பலகை நிக்கிறது உங்க தப்பான்னு பார்த்துட்டீங்களா?"

"என்னோடதா இருக்காது."

"இருக்குமான்னு கேட்கல. பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"பதினெட்டு வருஷமா…"

"நான் கடையில தினமும் காலாவதித் தேதி பார்க்கிறேங்க. நேத்துப் பார்த்த டப்பாவையே இன்னிக்கும் பார்க்கிறேன். அதுக்காக எனக்கு என் மேல மரியாதை குறைஞ்சு போயிடலை."

அவர் தட்டைக் கழுவ எழுந்துவிட்டார். தட்டில் இன்னும் சோறு இருந்தது.

வியாழக்கிழமை காலை சோதனையாளர் ஒரு பலகையைத் தூக்கி வந்து அவருடைய மேசையில் சாய்த்து வைத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண் மாறுவதை நொடிக்கு ஓர் எண் என்று மாற்றிவைத்தார். மூன்று நாள் கூப்பிடும் எண்கள் ஆறு நிமிடத்தில் ஓடி முடிந்தன. ஆறாவது நிமிடம் பலகை நின்றது. அணைத்துப் போட்டால் மறுபடி ஆறு. ஒப்பிட்டுப் பார்க்க எங்கே சார் தன் கணினியிலும் அதே வேகத்தில் ஓடவிட்டார். வித்தியாசத்தைக் காட்டி மேல்மாடியின் வாயை அடைப்பதாக உத்தேசம்.

கணினியிலும் கோடு ஏறியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஏறிக்கொண்டுதான் இருந்தது. அங்கே மேல்தளமும் அவருடையது, அடித்தளமும் அவருடையது. துப்புரவு ஆள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதற்கும் வழியில்லை.

அப்போது பின்னால் காலடி கேட்டது. மேலாளரின் செருப்பு ஓசை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எவரும் செய்வதை எங்கே சாரும் செய்தார்: திரையில் இருந்ததைச் சட்டென்று ஒரு பொத்தானைத் தட்டிக் கீழே ஒதுக்கிவிட்டார்.

திரையின் ஓரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்த கோடு கயிறு அறுந்த வாளி போல விழுந்து தரையில் நின்றது.

"போய்க்கிட்டிருக்கா சார்?"

"போய்க்கிட்டிருக்கு."

மேலாளர் போனபின் அவர் அதை மறுபடி திறந்தார். கோடு ஏறியது. கீழே ஒதுக்கினார். விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தார். மூன்றாவது முறை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பதினொரு வருடத்துக்கு முன்பு. ஒரு வரவேற்பறைக் கணினி அடிக்கடி செயலிழந்து நின்றுகொண்டிருந்தது. எண்ணைப் பெரிதாகக் காட்டுவதற்கு அடித்தளம் ஒரு படம் செய்து கொடுக்கும்; கொடுத்த கையோடு, கொள்கைப்படி, அந்தப் படத்தின் இடத்தைத் திருப்பித் தந்துவிடும். திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே காலடியில் பாயை உருவியதுபோல ஆயிற்று. வரைந்து முடிவது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். திருப்பித் தருவதற்குப் பதிலாகப் படங்களை ஒரு பட்டியலில் போட்டுவைத்தார். திரையை யாராவது கீழே ஒதுக்கினால் அந்த நேரம் எதுவும் வரையப்படாது. அப்போது எல்லாவற்றையும் மொத்தமாகத் திருப்பிவிடலாம். பட்டியலுக்கு 'இப்போதைக்கு' என்று பெயர் வைத்தார். பிறகு மறந்தும் போனார்.

வரவேற்பில் இருப்பவர்கள் வேறு எதையாவது பார்க்க ஒரு நாளைக்கு நூறு தடவை திரையை ஒதுக்குகிறார்கள். கைபேசிக்காரர்கள் பையில் போடுகிறார்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டிய பலகையை யார் ஒதுக்குவது? அதில் அதற்குப் பொத்தானே கிடையாது. கசிவு பார்க்கும் கருவியையும் குற்றம் சொல்வதற்கில்லை. நிரலை மூடும்போது பட்டியலும் காலியாகிவிடும். அது காலியானபின் எட்டிப் பார்த்துப் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது.

வேண்டாததை ஒரு மூலையில் சேர்த்துவைத்துச் சமயம் பார்த்து வாரிக்கொண்டு போவது. அந்த ஏற்பாட்டைத் திட்டித் திட்டியே சம்பள உயர்வு வாங்கியவர், தன் அடித்தளத்தின் நடுக்கூடத்தில் தன் கையாலேயே ஒரு துப்புரவு ஆளைக் குடிவைத்திருந்தார். அதுவும், கதவைச் சாத்தினால்தான் துடைப்பத்தைத் தொடுவேன் என்கிற ஆள்.

சரிசெய்ய நான்கு வரி போதுமாக இருந்தது. வரைந்து முடிந்ததைச் சொல்லும் வசதி இப்போது மூன்று இடத்திலும் உண்டு. சொன்னதும் திருப்பித் தந்தால் ஆயிற்று. மதியத்துக்குள் முடித்துவிட்டார். பலகை நொடிக்கு ஓர் எண்ணாக ஓடியது, நிற்கவில்லை. எந்த மாற்றத்துக்கும் கூடவே ஒரு குறிப்பு எழுதவேண்டும். எழுதினார்: "பலகையின் மேல்தளத்தில் திரை ஒதுக்கப்படாத காரணத்தால் ஏற்பட்ட நினைவக உயர்வு சீர்செய்யப்பட்டது." சொல்லுக்குச் சொல் உண்மை. சேர்த்துப் படித்தால் பொய்.

மாற்றம் உள்ளே போக, மற்றத் தளத்தைச் சேர்ந்த ஒருவர் பார்த்து ஒப்பமிடவேண்டும். பத்து வருடம் முன்பு சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவர் எங்கே சார். அடுத்தவர் தப்புகளைப் பிடிப்பதற்காக.

ஐந்து நிமிடத்தில் மேல்மாடியிடமிருந்து திரும்பி வந்தது. "வரிகள் சரி. குறிப்பு தவறு."

"திரை ஒதுக்கப்படாத சூழல்களில் நினைவக விடுவிப்பு நிகழவில்லை," என்று மாற்றி அனுப்பினார், மழை பெய்யவில்லை என்பதுபோல. திரும்பி வந்தது. "முந்தைய வடிவமைப்பில் இருந்த ஒரு தற்காலிக ஏற்பாடு." திரும்பி வந்தது. எழுந்து அவளிடமே போனார். அவள் மேசையில் பாதி குடித்த மூன்று காப்பிக் கோப்பைகள். மூன்றும் வேறு வேறு நாளைச் சேர்ந்தவை.

"ஏம்மா, நாலே நாலு வரி. வேலை செய்யுது. ஒப்பம் போடறதுக்கு என்ன?"

"வரி வேலை செய்யுது சார். குறிப்புதான் வேலை செய்யல."

"குறிப்பை யாரும்மா படிக்கிறாங்க?"

"நான் படிச்சேனே."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்குள்ள இது போகலைன்னா அடித்தளம் போயிடும். அப்புறம் எல்லாம் உன் ராஜ்ஜியம். அதுக்காகத்தானே இழுக்கற?"

அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். "நாற்பதாயிரம் வரி சார்! அதை உட்கார்ந்து நான் திரும்ப எழுதணுமா? எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் நடக்க வேணாமா?"

"அப்போ போட்டுத் தொலையேன்."

"ரெண்டு வருஷம் கழிச்சு வேற எதுவோ நிக்கும். அப்போ வர்றவங்க இந்தக் குறிப்பைப் பார்த்துட்டு மேல்தளத்துல போய்த் தேடுவாங்க. ரெண்டு நாள் தேடிட்டு, பச்சை வெளிறியிருக்குன்னு எழுதுவாங்க."

எங்கே சார் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னதான் எழுதணுங்கற?"

"நடந்ததை."

அவர் தன் இடத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாற்பதாயிரம் வரி எழுதியவருக்கு இரண்டு வரி வரவில்லை. 'நான்' என்ற சொல்லை மூன்று முறை அடித்து மூன்று முறை அழித்தார். கடைசியில் அனுப்பினார்: "பதினொரு வருடம் முன்பு நான் இதைத் திருப்பித் தராமல் ஒரு பட்டியலில் போட்டேன். பிறகு மறந்துவிட்டேன்."

மறு நிமிடம் ஒப்பம் வந்தது. கூடவே ஒரு வார்த்தையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பலகையையே தூக்கி வந்து நடுவில் வைத்திருந்தார்கள். இரவெல்லாம் ஓடி எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவ்வளவு பல் அந்த வைத்தியருக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்காது. மேலாளர் கையைத் தட்டினார்; எல்லோரும் தட்டினார்கள்.

"நாலு வரி! நாலே வரி. இதுக்குத்தான் பழைய ஆள் வேணுங்கறது. அடித்தளம் இருக்கட்டும். அதுல யாரும் கை வைக்கவேணாம்."

திங்கட்கிழமை மேலாளர் என்ன சொன்னார் என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கே சார் எழுந்து நின்றார். முந்தின நாள் எழுதிய இரண்டு வரி இன்னும் உடம்பில் இருந்தது போலும்.

"தப்பு என்னோடது. அந்தப் பட்டியலைப் போட்டது நான்தான்."

பிறகு மேலாளர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பார்த்தீங்களா? இதுக்குப் பேர்தான் பெருந்தன்மை. கண்டுபிடிச்சவரும் அவரே, பழியை ஏத்துக்கறவரும் அவரே."

கைதட்டல் முன்னைவிடப் பலமாக வந்தது. சோதனையாளர் எழுந்து நின்றே தட்டினார்.

"இல்ல, நிஜமாவே என்னோடதுதான். பதினொரு வருஷமா அது அங்கயே…"

"போதும் சார். எங்களை அழ வச்சுடாதீங்க."

"குறிப்புல எழுதியிருக்கார்," என்றாள் மேல்மாடி. "படிச்சுப் பாருங்க."

"படிக்கிறேன், படிக்கிறேன்," என்றார் மேலாளர். "நல்ல யோசனை தோணுது. திங்கட்கிழமை சார் நம்ம எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுக்கட்டும். மெமரியை எப்படி ஒழுக்கமா வச்சுக்கறதுன்னு. யாருக்கும் விலக்கு கிடையாது. மேல்மாடி, நீ முதல் வரிசை."

எங்கே சார் மூன்றாவது முறையும் சொல்வதற்கு வாயைத் திறந்தார். மேல்மாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் இன்னும் முழுக்க அடங்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

"வகுப்புக்குத் திரை பெரிசா இருக்குமா?" என்று கேட்டார்.